தாள் சத்தம்

ரெக்கார்டரை மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். காற்றின் இரைச்சல் குரலைத் தின்றுவிடும். பிறகு உட்கார்ந்து கேட்டு எழுதுகிறவருக்குத்தான் தலைவலி. இப்படி ஓரமாக, அடியில் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்தால் போதும். மேசை அதிர்வது பதிவாகாது. முப்பத்தொரு வருடம் இதைத்தான் செய்தேன்.

பல்கலைக்கழக விசாரணைக் குழுவிலிருந்து உங்களை மட்டும் அனுப்பியது நல்லது. ஐந்து பேர் எதிரில் உட்கார்ந்தால் யாருக்கும் இயல்பான பேச்சு வராது. உங்கள் கையில் இருப்பது என் கட்டுரையின் பின்னிணைப்பு. இருநூற்றுப் பன்னிரண்டாவது எடுத்துக்காட்டைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அது வேறு மாதிரித் தெரியும்.

மனிதர்கள் வாக்கியத்தை முடித்த பிறகும் ஒரு சொல்லை வெளியே விட்டுவைக்கிறார்கள். "வந்துட்டாளா, உங்க பொண்ணு?" என்கிறார்கள். கேள்வி முதல் சொல்லிலேயே முடிந்துவிட்டது. யாரைக் கேட்கிறோம் என்று எதிராளிக்குப் புரியாமல் போய்விடுமோ என்று ஒரு சந்தேகம். அதனால் பெண்ணைக் கடைசியில் கொண்டுவந்து வைக்கிறார்கள். இதற்கு நேர் எதிராக இன்னொன்று உண்டு. "டாக்டர்கிட்ட?" என்று ஒருவர் கேட்கிறார். "நாளைக்கு" என்கிறார் மற்றவர். போவது யார், எதற்கு என்பதெல்லாம் இருவருக்கும் தெரியும். விட்டுவிடுகிறார்கள். இந்த இரண்டையும் ஒன்பது மொழிகளில் தேடிச் சேர்த்தேன். சில மொழிகளில் வினைச்சொல்லுக்குப் பின்னால் எதுவும் வராது என்று புத்தகம் சொல்லும். அந்த மொழிக்காரர் வீட்டுச் சமையலறையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் வரும். புத்தகம் எழுதுகிறவர்கள் சமையலறைக்குள் போவதில்லை.

நான் போனேன். பிறர் வீட்டுச் சமையலறைகளில் முக்காலி போட்டு உட்கார்ந்தே முதுகு போய்விட்டது. என் வீட்டுச் சமையலறையைக் கவனித்தது பிற்பாடுதான்.

என் மனைவி பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுன்ட்டரில் இருந்தாள். இருபத்தாறு வருடம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள், முன்னால் ஒரு மைக். எட்டு நாற்பது வண்டி ஐந்தாவது மேடையிலிருந்து கிளம்பும், கைக்குழந்தைக்குச் சீட்டு தேவையில்லை, அந்த ஊருக்கு இங்கிருந்து நேர் வண்டி கிடையாது. எல்லாம் முழு வாக்கியம். வீட்டுக்கு வந்தால் எதையும் முடிக்க மாட்டாள்.

"நாள் பூரா முழுசு முழுசாப் பேசியாச்சு. வீட்டுலயாவது பாதி பேசிக்கிறேனே" என்பாள்.

அவளுடைய அம்மா வீட்டு மொழி வேறு. தன் அக்காவிடம் போனில் அதில்தான் பேசுவாள். என்னிடமும் மகளிடமும் நாம் பேசும் இந்த மொழி. ஒரே வாய், இரண்டு மொழி. ஃபிரிட்ஜ் கைப்பிடியில் ஒரு நோட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தேன். நான் பேனாவை எடுத்தாலே சிரிப்பாள்.

"எழுதிக்கோங்க, இதையும்."

"இதுவும் ஒரு எடுத்துக்காட்டுதான்."

"தெரியும். அதான் போட்டேன். ஒரு நாளைக்கு நான் சொல்றதைக் கேளுங்க, சொல்ற விதத்தை விட்டுட்டு."

இதுவும் நோட்டில் இருக்கிறது. தேதியோடு.

பக்கவாதம் வந்தது கவுன்ட்டரில். ஒரு பயணிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் நடுவில் நின்றுவிட்டாள். அலட்சியம் செய்கிறாள் என்று நினைத்து அவர் சண்டை போட்டாராம். பெரிய அதிகாரியைக் கூப்பிடு என்று கத்தினாராம். அதிகாரி வந்து பார்த்தபோதுதான் அவளுடைய வலது கை மேசையிலிருந்து சரிந்து தொங்குவது தெரிந்தது. ஒன்பது நாள் மருத்துவமனை. எல்லாம் புரிகிறது, சொல்தான் வரவில்லை என்றார் மருத்துவர். மகளுக்கு அப்போது கைக்குழந்தை. முதல் மாதம் வந்து இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

மகள் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, ஒரு மதியம், என் மனைவி கட்டிலில் சாய்ந்தபடி என்னைப் பார்த்து, "வேணும்" என்றாள். பிறகு ஒன்றும் இல்லை. நான்கு விநாடி கழித்து, "தண்ணி" என்றாள். மாலையில் அவளுடைய அக்கா போன் செய்தார். அந்த மொழியில் இவள் தண்ணீர் என்ற சொல்லை மட்டும் சொன்னாள். வினைச்சொல் வரவேயில்லை. ஒரே காயம். ஒரு மொழியில் பெயர்ச்சொல் பின்னால் போய் விழுகிறது, இன்னொரு மொழியில் பெயர்ச்சொல்லைத் தவிர எல்லாம் உதிர்கிறது. ஒன்பது மொழிகளுக்கு நான் அலைந்தது எல்லாம் என் படுக்கையறைக் கட்டிலில் வந்து உட்கார்ந்திருந்தது. நோட்டை எடுக்க ஓடியவன் நாற்காலியில் இடித்துக்கொண்டேன். மகள் என் முதுகைத் தடவிக்கொடுத்து, "பயப்படாதீங்கப்பா" என்றாள்.

அன்றிலிருந்து ரெக்கார்டர் ஓடியது. ஒப்புதல் படிவத்தில் அவளுடைய இடது கைக் கையெழுத்து இருக்கிறது. உங்கள் கோப்பில் பார்த்திருப்பீர்கள்.

செவ்வாயும் வெள்ளியும் நான்கு மணிக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தார். இளையவர், திறமைசாலி. செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். இரண்டாவது நாளே என்னைத் திட்டினார்.

"சார், அவங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் எடுத்துக் கொடுத்துடறீங்க. அப்புறம் அவங்க எதுக்குப் பேசணும்? கொஞ்சம் காத்திருங்க. ஒரு அஞ்சு விநாடி."

இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். காத்திருக்கச் சொன்னவர் அவர்தான். நான் விநாடியை மட்டும் கூட்டினேன். எங்கள் தொழிலிலும் அதுவே விதி. பேசுகிறவரின் வாக்கியத்தை நாம் முடித்துக் கொடுக்கக் கூடாது. முடித்துக் கொடுத்தால் அது நம்முடைய வாக்கியம்.

தண்ணீர்க் குவளையைப் பக்கத்து மேசையிலிருந்து எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். மூக்குக் கண்ணாடியை இழுப்பறையில் போட்டேன். கையெட்டும் தூரத்தில் இருக்கிற பொருளை யாரும் கேட்பதில்லை. அவள் "கொடுங்க" என்பாள். "எதை?" என்று கேட்பேன். எதை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். அப்படிக் கேட்டால்தான் விட்டுப்போன சொல் வெளியே வரும். ஒரு மதியம் நல்ல வெயில். தண்ணீர் என்ற சொல் வர ஏழு நிமிடம் ஆயிற்று. குவளையை நிரப்பிக் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றேன். சொல் வந்ததும் கொடுத்துவிட்டேன். சில நாள் அழுவாள். அதையும் எழுதியிருக்கிறேன். நூற்று நாற்பதாவது எடுத்துக்காட்டுக்குக் கீழே பாருங்கள். [அழுகை, 40 விநாடி] என்று இருக்கும்.

களைத்துப்போவேன். ஒரு நிமிடப் பேச்சைக் கேட்டு எழுத ஒரு மணி நேரம் ஆகும். குளிப்பாட்டுவது, சமைப்பது, துவைப்பது எல்லாம் நான்தான். எந்த வேலையிலும் நான் குறை வைக்கவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். இந்த மாதிரி ஒரு மனுஷனைப் பார்த்ததில்லை என்பார்கள்.

ஆறாவது வாரம் பயிற்சி பலன் கொடுக்க ஆரம்பித்தது. அந்தப் பெண் ஒரு நீலக் கோப்பில் இருபத்து நான்கு தாள் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு தாளிலும் ஒரு படம், கீழே ஒரு வாக்கியம். "நான் தண்ணீர் குடிக்கிறேன்." "அவர் கதவைத் திறக்கிறார்." என் மனைவி இடது கை விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் நகர்த்திக்கொண்டே வாசிப்பாள். அந்த வெள்ளிக்கிழமை, "நான் தண்ணீர் குடிக்கிறேன்" என்று தாளைப் பார்க்காமல் முழுதாகச் சொன்னாள். அந்தப் பெண் கைதட்டினார். நானும் தட்டினேன். அது பதிவில் இருக்கிறது. கைதட்டல், இருவர்.

வீட்டில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். நான் தண்ணீர் குடிக்கிறேன் என்று எந்த மனைவியும் எந்தக் கணவனிடமும் சொன்னதில்லை. அது கவுன்ட்டர் பேச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு. அடுத்த நாளிலிருந்தே அவளுடைய இடைவெளிகள் குறைந்தன. நான்கு விநாடி இரண்டாயிற்று. நூற்றுத் தொண்ணூறு எடுத்துக்காட்டு சேர்ந்திருந்தது. கட்டுரைக்குக் குறைந்தது நானூறு வேண்டும். இதே வேகத்தில் போனால் இரண்டு மாதத்தில் சரியாகப் பேசிவிடுவாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அந்தப் பெண் சொன்னார்: "முதல் வருஷம்தான் சார் முக்கியம். அதுக்கப்புறம் வராதுன்னு இல்ல. ஆனா இந்த மாதிரி வராது. விட்டுடாதீங்க."

திங்கட்கிழமை காலை அவரைப் போனில் கூப்பிட்டேன். மனைவியை மகள் ஊருக்கு அழைத்துப் போகிறோம், இனிமேல் அங்கேதான் பயிற்சி என்றேன். அவர் சந்தோஷப்பட்டு, நல்லா இருங்க சார், அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க என்றார். செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு என் மனைவி தலை வாரி, நீலக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"இதுக்கு மேல செய்யறதுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. வர்றது வரட்டும்னாங்க."

அவள் வெகுநேரம் கதவைப் பார்த்தாள்.

"அவங்களா?"

"அவங்கதான்."

மகளிடம் வழக்கம்போல் செவ்வாயும் வெள்ளியும் வருகிறார் என்றேன். மூன்று பேருக்கு மூன்று வாக்கியம். பெரிய சிரமம் இல்லை. மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். பயிற்சி கொடுத்தும் அம்மா இவ்வளவுதான் பேசுவாளா என்று போனில் அழுவாள். நான்தான் தேற்றுவேன். பொறுமையா இரும்மா, அவசரப்பட்டா வராது என்பேன்.

இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு.

அந்த நீலக் கோப்பை நான் மறந்துவிட்டேன். அது வீட்டில்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் குளியலறையில் குழாய் திறந்திருந்தது. வாளி நிரம்பி வழிகிற சத்தம். மூடச் சொல்லலாம் என்று கதவருகே போனேன். உள்ளே அவள் பேசிக்கொண்டிருந்தாள். கடைசித் தாள்களில் அவளுடைய வேலை வாக்கியங்களையே அந்தப் பெண் எழுதிக் கொடுத்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. "எட்டு நாற்பது." நிறுத்தம். "எட்டு நாற்பது வண்டி." நிறுத்தம். திரும்ப முதலிலிருந்து. மூன்றாவது தடவையில், "எட்டு நாற்பது வண்டி ஐந்தாவது மேடையிலிருந்து கிளம்பும்" என்று முழுதாக வந்தது. வந்ததும் சிரித்தாள். தனியாக. பக்கவாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் பதிவு சரியாக வராது என்று ரெக்கார்டரை நீட்டவில்லை.

எனக்குத் தெரியாமல் செய்கிறாள் என்பது கொஞ்சம் வருத்தமாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த நாள் அவள் பால்கனியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது, குளியலறையில் துண்டுகளுக்கு அடியில் அவள் ஒளித்து வைத்திருந்த கோப்பை எடுத்தேன். கோப்பு பெரியது, பைக்குள் போகவில்லை. தாள்களை மட்டும் உருவினேன். என் துறை அலுவலகத்துக்குக் கொண்டுபோய் அங்கே வைத்துவிடலாம் என்று எண்ணம். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் வந்துவிட்டாள். தாள்கள் என் கையில். கையை நாற்காலிக்குப் பின்னால் கொண்டுபோனேன். மேசையில் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. எப்போதும் ஓடும். அவள் காலியான நீலக் கோப்பைப் பார்த்தாள். பிறகு என்னை.

நீங்களே வாசியுங்கள். வேண்டாம், நான் சொல்கிறேன். எனக்கு மனப்பாடம்.

எங்க? [6 விநாடி] தாள். [3 விநாடி] என்... என் தாள்.

எந்தத் தாள்? இது நான்.

[தாள் சத்தம்]

தாள். [9 விநாடி] படம் போட்ட.

பெயர்ச்சொல்லைச் சொல்லி முடித்து, ஒன்பது விநாடி கழித்து, எந்த மாதிரித் தாள் என்பதைத் தனியாகக் கழற்றிப் பின்னால் வைக்கிறாள். என் ஒன்பது மொழிகளில் இப்படி ஒன்று எனக்குக் கிடைத்ததில்லை. கட்டுரையை மதிப்பிட்ட இருவரும் இந்த ஒன்றைத்தான் பாராட்டி எழுதினார்கள். தெரியலம்மா, தேடித் தர்றேன் என்று சொன்னேன். அது எடுத்துக்காட்டுக்குத் தேவையில்லை என்பதால் அச்சில் இல்லை. பதிவில் இருக்கும்.

தாள் சத்தம் என்று ஏன் எழுதினேன் என்பதுதானே உங்கள் கேள்வி. கேட்டது எதையும் விடக் கூடாது. இருமல், கதவு, தூரத்தில் நாய் குரைத்தால் அதுவும். என் கை நடுங்கியிருக்கிறது, தாள் சலசலத்திருக்கிறது. அன்று மாலை கேட்டு எழுதும்போது காதில் விழுந்தது, எழுதினேன். எழுதாமல் விட்டிருந்தால் இன்று நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள். நான் எதையும் மறைக்கிறவன் இல்லை என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்.

பிறகு எட்டு மாதம். குளியலறையில் குழாய்ச் சத்தம் நின்றுபோயிற்று. இடைவெளி திரும்ப நான்கு விநாடிக்கு வந்து, அங்கேயே நின்றது. நல்ல நிலையான தரவு. நானூற்று முப்பத்தொன்றில் நிறுத்திக்கொண்டேன். கட்டுரை ஏற்கப்பட்டது. அந்தக் கடிதத்தை அவளுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டினேன். நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்றேன். தலையை ஆட்டினாள்.

மகள் குழந்தையோடு வந்தபோது பதின்மூன்றாவது மாதம். அம்மாவோடு உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கப் பேசிப் பார்த்தாள். மறுநாள் நான்தான் அவளைக் கூப்பிட்டு, ஹெட்போனை மாட்டிவிட்டு, பின்னிணைப்பைக் கையில் கொடுத்தேன். அவளுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். நடுவில் சில இடங்களில் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டில் நிறுத்தினாள். மறுபடி ஓட்டினாள்.

"அப்பா, இது என்ன சத்தம்?"

"தாள்."

"எந்தத் தாள்?"

நான் கேட்ட அதே கேள்வி.

"அம்மா தேடுறாங்களே, அதாப்பா?"

"ஆமா."

"உங்க கையிலயா?"

"ஆமா."

ஹெட்போனைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி, மேசைமேல் மெதுவாக வைத்தாள். குழந்தை தூங்கும்போது பொருளை வைப்பது மாதிரி. பிறகு பால்கனிக்குப் போய், அந்தப் பயிற்சிப் பெண்ணுக்குப் போன் போட்டாள். கண்ணாடிக் கதவு சாத்தியிருந்ததால் பேச்சு கேட்கவில்லை. திரும்பி வந்து தன் துணியோடு அம்மாவின் துணியையும் பெட்டியில் அடுக்கினாள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஏம்ப்பா, குடிக்கத் தண்ணிக்குமா?"

அதற்கு முறை என்னவென்று விளக்க ஆரம்பித்தேன். அவள் அதற்குள் சமையலறைக்குப் போய்விட்டாள். ஃபிரிட்ஜ் கைப்பிடியிலிருந்து நோட்டின் கயிற்றைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த நோட்டும் உங்களிடம்தான் இருக்கும்.

இப்போது மகள் ஊரில் அவளுக்கு வாரம் மூன்று நாள் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டால் மகள் எடுப்பாள். அம்மா எப்படி என்றால், "மெதுவா வருது. பாதிதான் வரும்னு சொல்றாங்க. முழுசா வந்திருக்க வேண்டியது" என்பாள். பிறகு போனை அம்மாவின் காதில் வைப்பாள். என் மனைவி பேசுவதில்லை. மூச்சு மட்டும் கேட்கும். பின்னால் குழந்தையின் சத்தம், பாத்திரச் சத்தம். போன வாரம் பதினோரு நிமிடம் லைனில் இருந்தாள். பேரக்குழந்தையிடம் சின்னச் சின்ன வாக்கியமாவது முழுதாகப் பேசுகிறாளாம். என்னிடம்தான் இப்படி. நாற்பது வருடம் சேர்ந்து இருந்தவர்களுக்குள் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று என்ன இருக்கிறது.

நான் என்ன செய்தேன் என்று ஒரே வரியில் கேட்டால், எழுதிக்கொள்ளுங்கள். என் மனைவிக்குப் பேச்சு திரும்பி வந்துகொண்டிருந்தது. அதை நான் நிறுத்தினேன். தெரிந்தே நிறுத்தினேன். இதில் எதையும் விட்டுவிடவில்லை, பின்னால் சேர்க்கவும் எதுவும் இல்லை.

ஒன்றைத் தவிர. கிளம்பும்போது மகள் முதலில் பெட்டியை இறக்கப் போனாள். என் மனைவி வாசலில் நின்றாள். ரெக்கார்டரை மகள் எடுத்து வைத்துவிட்டாள், அதனால் இது என் நினைவிலிருந்துதான் சொல்கிறேன். என் கையைப் பார்த்தாள். அன்று நாற்காலிக்குப் பின்னால் இருந்த கை.

"தெரியும், எனக்கு" என்றாள். நான்கு விநாடி. "அப்பவே."

யோசித்துப் பாருங்கள். தாள் என் கையில்தான் இருக்கிறது என்று அன்றே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் எதிரில் நின்று மூன்று தடவை கேட்டிருக்கிறாள், ஒவ்வொரு சொல்லாக, ரெக்கார்டருக்கு முன்னால். எந்த ஆய்வாளனுக்கும் மனைவி இவ்வளவு ஒத்தாசை செய்திருக்க மாட்டாள். நன்றியுரையில் அவளுக்காக ஒரு வரி சேர்க்க முடியுமா என்று இதழுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.